அப்பா வைத்த மீன் தொட்டி, மகன் தேடிய உயிர்



உங்களில் பலர் வீட்டில் இப்போது கண்ணாடி மீன் தொட்டி இருக்கிறது. என்னிடம் வரும் புகாரும் பெரும்பாலும் ஒன்றுதான். "சார், ஞாயிற்றுக்கிழமை தொட்டியைப் பளிச்சென்று கழுவினேன். ஃபில்டர் பஞ்சைக்கூடக் குழாயடியில் பிழிந்து வெள்ளையாக்கிப் போட்டேன். புதன்கிழமைக்குள் நாலு மீன் செத்துவிட்டது." வீட்டுப் பெரியவர்கள் உடனே, "நமக்கு வந்த திருஷ்டியை மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டது" என்று ஆறுதல் சொல்வார்கள். குழந்தை அழுதுகொண்டு நிற்கும்.

திருஷ்டி பாவம், அதை விட்டுவிடுங்கள். காரணம் அந்தப் பஞ்சில் இருக்கிறது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அதில் ஒரு அப்பாவும் மகனும் வருகிறார்கள். இருவருக்கும் ஒரே பெயர்: ராபர்ட் வாரிங்டன்.

அப்பா வாரிங்டன் லண்டனில் இருந்த வேதியியலாளர். 1841இல் லண்டன் வேதியியல் சங்கம் தோன்றக் காரணமாக இருந்தவர். 1849இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். 12 காலன், அதாவது ஏறக்குறைய 55 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி. அடியில் மணல், சில கற்கள். இரண்டு சிறிய தங்க மீன்கள். கூடவே வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடி. நீர்வழி மகரந்தச் சேர்க்கைக்கு எடுத்துக்காட்டாகத் தாவரவியல் பாடத்தில் படித்தீர்களே, அதே செடிதான்.

மீன் ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடும். செடி வெயிலில் அதற்கு நேர்மாறாகச் செய்யும். இரண்டும் சமமானால் தண்ணீரை மாற்றாமலே மீன் வாழும் என்பது அவர் கணக்கு. கொஞ்ச நாளில் செடியின் பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்றன. நத்தையின் முட்டை மீனுக்கு இரையாயிற்று. தண்ணீர் தெளிந்தது. 1850இல் இதை வேதியியல் சங்கத்தில் கட்டுரையாகப் படித்தார். மூன்றே ஆண்டில், 1853இல், லண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. வீட்டு வரவேற்பறையில் மீன் தொட்டி வைக்கும் மோகமும் இங்கிலாந்தில் பரவியது.

ஆனால் அப்பாவின் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருந்தது. மீன் கரியமில வாயுவை மட்டும் விடுவதில்லை, செவுள் வழியாக அம்மோனியாவையும் விடுகிறது. அது மீனுக்கு விஷம். அவர் தொட்டியில் அந்த விஷத்தை யார் அகற்றினார்கள்? அன்று அந்தக் கேள்வியைக் கேட்கவே ஆள் இல்லை. அப்பா வாரிங்டன் 1867இல் காலமானார்.

விடையின் முதல் பாதி கழிவுநீரிலிருந்து வந்தது. 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இருவர் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய ஒரு நீண்ட குழாயில் சாக்கடை நீரை மெல்ல இறங்கவிட்டார்கள். முதல் சில நாட்கள் உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. ஏறக்குறைய 20 நாள் கழிந்ததும் அது நைட்ரேட்டாக மாறி வரத் தொடங்கியது. பிறகு குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். மாற்றம் நின்றுபோனது. மணல் அப்படியேதான் இருந்தது, சுண்ணாம்பும் அப்படியே. பிறகு கொஞ்சம் மண் கரைத்த நீரை ஊற்றினார்கள். வேலை மீண்டும் தொடங்கியது. அப்படியானால் வடிகட்டியது மணல் அல்ல, மணலில் ஒட்டியிருந்த ஏதோ ஓர் உயிர். ஃபில்டர் என்றால் அழுக்கைப் பிடிக்கும் சல்லடை என்று நாம் நினைக்கிறோம். அது குடியிருப்பு என்பதை அந்தக் குழாய் காட்டிவிட்டது.

இப்போது மகன் வருகிறார். மகன் வாரிங்டன் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1876இல் சேர்ந்தவர். பிரெஞ்சுக்காரர்களின் சோதனையைப் படித்ததும் வயல் மண்ணை வைத்துச் செய்து பார்த்தார். அது உண்மை என்று உறுதிசெய்ததோடு, இன்னொன்றையும் கண்டார். வேலை இரண்டு படியாக நடக்கிறது. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரைட்டும் மீனுக்கு விஷம்தான். நைட்ரேட் அவ்வளவு கேடில்லை.

ஆண்டுக்கணக்கில் முயன்றும் அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. அன்று எல்லோரும் செய்ததுபோல ஜெலட்டின் மேல் வளர்க்கப் பார்த்தார். சத்துள்ள அந்த உணவில் மற்ற கிருமிகள் கொழுத்தன, இவை வளரவே இல்லை. 1890இல் ஜூரிக் நகரில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி நேர்மாறாகச் சிந்தித்தார். கரிமப் பொருளே இல்லாத, வெறும் உப்புகள் கரைந்த நீரில் வளர்த்தார். இந்தப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவிலிருந்து ஆற்றலையும், கரியமில வாயுவிலிருந்து உடம்பையும் பெறுபவை. வெளிச்சமே தேவையில்லாமல் தம் உணவைத் தாமே செய்துகொள்பவை.

அப்பாவின் தொட்டியில் மணலிலும் கல்லிலும் இலையிலும் ஒட்டிக்கொண்டு மீன்களைக் காப்பாற்றியவை இவைதாம். அப்பா மீனை வைத்துத் தொடங்கினார், மகன் மண்ணை வைத்துத் தேடினார். இருவரும் நின்ற இடம் ஒன்றுதான்.

கதை அங்கேயும் முடியவில்லை. 2015இல் இரண்டு படியையும் தனியாகவே செய்து முடிக்கும் பாக்டீரியா உண்டு என்று இரண்டு ஆய்வுக் குழுக்கள் அறிவித்தன. அவற்றில் ஒரு குழு அதைக் கண்டெடுத்தது மீன் வளர்ப்புத் தொட்டியின் ஃபில்டரில்!

இனி உங்கள் வீட்டுத் தொட்டிக்கு வருவோம். இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பவை அல்ல, பரப்பில் ஒட்டி வாழ்பவை. அதிகமாக இருப்பது ஃபில்டர் பஞ்சில். நம் குடலில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்தில்கூட இரட்டிக்க வல்லவை. இவை இரட்டிக்கப் பல மணி நேரம், ஒரு நாள்கூட ஆகும். ஒரு முறை அழித்தால் திரும்பி வர வாரக்கணக்காகும். மாநகராட்சிக் குழாய் நீரில் இருக்கும் குளோரின், அந்தப் பிரெஞ்சுக் குழாயில் குளோரோஃபார்ம் செய்த வேலையைச் செய்கிறது. நம்மைக் காலராவிலிருந்து காப்பதற்காகக் கலந்த மருந்து, மீனைக் காக்கும் உயிரைக் கொல்கிறது. மூன்றாம் நாள் மீன் சாவதன் ரகசியம் இதுதான்.

ஆகவே:

1. தண்ணீர் மாற்றும் நாளில், வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சை அதிலேயே இரண்டு மூன்று முறை பிழியுங்கள். சேறு போனால் போதும். பழுப்பு நிறம் இருக்கட்டும்.

2. சோப்பு, பிளீச்சிங் பவுடர், வெந்நீர் கூடவே கூடாது.

3. ஃபில்டரில் பஞ்சும் பீங்கான் வளையங்களும் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் கழுவ வேண்டாம். பஞ்சு நைந்து புதிது போட வேண்டுமானால், பழையதோடு சேர்த்து ஒரு மாதம் ஓடவிட்டு, பிறகு பழையதை எடுங்கள்.

4. அதற்காகக் கழுவாமலும் விடாதீர்கள். பஞ்சு அடைத்துக்கொண்டால் நீரோட்டம் குறையும். ஆக்சிஜன் இல்லாமல் அவையே செத்துவிடும். தண்ணீர் வரத்து மெலிவதுதான் கழுவ வேண்டிய அறிகுறி.

5. மூடிய ஃபில்டர் மின்வெட்டில் பல மணி நேரம் நின்றிருந்தால், உள்ளே தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு ஓடவிடுங்கள்.

6. ஃபில்டர் நைட்ரேட்டை அகற்றாது. அதற்குத்தான் வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுவது. செடி இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்த முறை குழந்தை "ஏன் தாத்தா பஞ்சை நல்லா கழுவக்கூடாது?" என்று கேட்டால், அழுக்காகத் தெரிவதெல்லாம் அழுக்கல்ல என்று சொல்லுங்கள். இரண்டு வாரிங்டன்களின் கதையையும் சொல்லுங்கள். மீன் செத்தால் திருஷ்டி என்று சொல்லி வளர்த்த குழந்தைக்கும், காரணத்தைச் சொல்லி வளர்த்த குழந்தைக்கும் பிற்காலத்தில் வித்தியாசம் தெரியும். நாற்பது ஆண்டு வகுப்பறையில் நான் பார்த்தது அது.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.