ராயல் தெரு 1140

பேய் வீடு என்று பெயர்பெற்ற அந்த வீட்டுக்குள் யாரும் போக முடியாது. அமெரிக்காவின் தெற்குக் கோடியில், லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், பழைய பிரெஞ்சுக் குடியிருப்பின் ராயல் தெருவில் 1140 என்ற எண்ணுள்ள வீடு அது. தனியார் சொத்து. ஹாலிவுட் நடிகர் நிக்கோலஸ் கேஜ் 2007இல் அதை வாங்கி, 2009இல் கடனுக்குப் பறிகொடுத்தார். பார்க்க வருகிறவர்கள் எதிர்ப்புற நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு மாலையும் கட்டணம் வாங்கிக்கொண்டு கூட்டம் கூட்டமாக அழைத்து வருகிறார்கள்.

நானும் அப்படி ஒரு கூட்டத்தோடு போய் நின்றேன். வழிகாட்டி நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த இளைஞர். டெல்ஃபீன் லாலோரி என்ற பணக்காரச் சீமாட்டி இந்த வீட்டில் அடிமைகளைச் சித்திரவதை செய்தாள் என்று தொடங்கி, பிடுங்கிய கண்கள், இடுப்பைச் சுற்றிக் கட்டிய குடல், தைத்த வாய்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். பிறகு மேல்மாடி ஜன்னல் ஒன்றைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். எல்லாரும் செல்பேசியை உயர்த்தினார்கள்.

அந்த மூன்றாம் மாடி டெல்ஃபீன் காலத்தில் கிடையாது. அவர் வாழ்ந்த வீடு 1834இல் ஊர்க்கூட்டத்தால் சூறையாடப்பட்டு, சில ஆண்டுகள் பாழாய்க் கிடந்தது. பின்னால் வாங்கியவர் அதை எடுத்துக் கட்டினார். மேல்தளம் அதற்கும் பிறகு சேர்ந்தது. கண்ணும் குடலும் இன்னும் பிந்தியவை. 1946இல் ஜான் டெலவீன் என்ற எழுத்தாளர் வெளியிட்ட பேய்க்கதைத் தொகுப்பில்தான் இந்த விவரங்கள் வருகின்றன. ஆதாரம் எதையும் அவர் சொல்லவில்லை. சம்பவத்துக்கும் புத்தகத்துக்கும் இடையே 112 ஆண்டுகள்.

1834இல் பதிவானவை இதைவிடக் குறைவு. ஆனால் படிக்க இதைவிடக் கடினமானவை. ஏப்ரல் 10 அன்று அந்த வீட்டுச் சமையற்கட்டில் தீப்பிடித்தது. உதவ ஓடிவந்த அக்கம்பக்கத்தாரில் கனோஞ் என்ற நீதிபதியும் இருந்தார். அடிமைகளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், அவர்களை முதலில் வெளியே கொண்டுவாருங்கள் என்று அவர் சொன்னபோது, டெல்ஃபீனின் கணவரான டாக்டர் லூயி லாலோரி, அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிடாமல் சிலர் தத்தம் வீட்டில் இருப்பது நல்லது என்ற பாங்கில் பதில் சொன்னார். கதவை உடைத்தார்கள். இரும்புப் பட்டை கழுத்தில் பூட்டிய ஒரு பெண். தலையில் ஆழமான காயத்தோடு நடக்கக்கூட வலுவில்லாத ஒரு மூதாட்டி. ஏழு பேரை வெளியே கொண்டுவந்ததாக மறுநாள் செய்தித்தாள் எழுதியது.

இந்த நிகழ்வில் என்னைவிட்டு அகலாதவர் சமையற்காரப் பெண். எழுபது வயது என்கிறார்கள். காலில் சங்கிலியிட்டு அடுப்போடு பிணைக்கப்பட்டிருந்தார் என்றும், தண்டனைக்குப் பயந்து, செத்துப்போவதே மேல் என்று தானே தீ வைத்ததாக அவர் சொன்னார் என்றும் வரலாறு சொல்கிறது. அவருடைய பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. லூசியானாவின் அன்றைய சட்டம் அடிமைகளை மிதமிஞ்சி வதைக்கக் கூடாது என்று சொன்னது உண்மைதான். ஆனால் வெள்ளையருக்கு எதிராக ஓர் அடிமை நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல அதே சட்டம் இடம் கொடுக்கவில்லை. வதைபட்டவர் வாய் திறக்க முடியாது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் பார்த்துச் சொன்னால் உண்டு. அந்த மூதாட்டி பக்கத்து வீட்டுக்காரர்கள் அத்தனை பேரையும் வீட்டுக்குள் வரவழைத்தார். அதைத் தற்கொலை முயற்சி என்று மட்டும் வகைப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

டெல்ஃபீனைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பெண்ணியம் பேசும் நமக்கு அவர் சங்கடமான ஆள். 1787 வாக்கில் நகரின் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். இரண்டு கணவர்கள் இறந்தபின், தன்னைவிட மிகவும் இளையவரான லாலோரியை 1825இல் மணந்தார். ராயல் தெரு மனையை 1831இல் அவரே, அவர் பெயரிலேயே வாங்கினார். நிர்வாகமும் அவர் கையில்தான். அமெரிக்காவின் மற்றப் பல மாநிலங்களில் ஆங்கிலேயப் பொதுச் சட்டப்படி, மணமானதும் பெண்ணின் சொத்து கணவனுக்குப் போய்விடும். பிரெஞ்சு, ஸ்பானிய மரபில் வந்த லூசியானாச் சட்டம் மனைவிக்குத் தனிச்சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையைத் தந்திருந்தது. பெண்களின் சொத்துரிமை வரலாற்றைப் பாடமாகச் சொல்லும்போது இதை நாம் ஒரு முன்னேற்றமாகக் குறிப்போம். ராயல் தெரு வீட்டில் அந்தச் சொத்துக்குள் மனிதர்களும் அடக்கம்.

இன்னொன்றும் உண்டு. 1832 நவம்பரில், கணவரோடு சேர்ந்து வாழ முடியாதபடி தன்னை அவர் நடத்துவதாகச் சொல்லிப் பிரிந்து வாழ அனுமதி கேட்டு டெல்ஃபீன் நீதிமன்றம் போனார். அந்த மனு ஒரு பெண்ணின் துன்பத்துக்கான ஆவணம். அதே ஆண்டுகளில் அதே கூரையின் கீழ் அவருடைய ஆதிக்கத்தில் இருந்தவர்களுக்கு மனு எழுத வழியில்லை. இரண்டும் ஒரே வீட்டில் நடந்தன, ஒன்று மற்றதை நேர்செய்துவிடாது. இப்படிப்பட்ட எஜமானிகள் விதிவிலக்கு அல்ல என்பதை தவோலியா கிளிம்ஃப், ஸ்டெஃபனி ஜோன்ஸ்-ரோஜர்ஸ் போன்ற கறுப்பின வரலாற்றாசிரியைகள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். வெள்ளைப் பெண்கள் அடிமைகளை வாங்கினார்கள், விற்றார்கள், தாங்களே சவுக்கெடுத்து அடித்தார்கள். அடிமைமுறை ஆண்களின் வியாபாரம், பெண்கள் வீட்டுக்குள் இருந்த அப்பாவிகள் என்ற பழைய சித்திரம் இந்த ஆய்வுகளுக்குப் பிறகு நிற்காது.

பேய்க்கதை அந்தச் சித்திரத்தை வேறொரு வழியில் காப்பாற்றுகிறது. டெல்ஃபீனை அரக்கி ஆக்கிவிட்டால் மற்ற எஜமானிகள் எல்லாரும் சாதாரணப் பெண்கள் ஆகிவிடுகிறார்கள். கணவர் கதையிலிருந்து கிட்டத்தட்ட மறைந்தே போகிறார். தீக்குப் பிறகு வீட்டைத் தரைமட்டமாக்க வந்த கூட்டம் நீதிமான்களின் கூட்டமாகிவிடுகிறது. அந்தக் கூட்டம் வாழ்ந்த நகரம், உள்நாட்டுப் போருக்கு முந்தைய பத்தாண்டுகளில் அமெரிக்காவிலேயே பெரிய அடிமைச் சந்தை. மீட்கப்பட்டவர்களை அவர்கள் கொண்டுபோய் வைத்த இடம் சிறை. அங்கே ஆயிரக்கணக்கானோர் வரிசையில் வந்து அவர்களுடைய காயங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வேடிக்கை பார்க்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன், செல்பேசிகளுக்கு நடுவில் நின்றபடி. டெல்ஃபீன் வண்டியேறித் தப்பினார். வழக்கு இல்லை. 1849இல் பாரிஸில் இறந்தார்.

சுற்றுலாக் கதையில் இன்னொரு பேயும் உண்டு: எஜமானி சவுக்கோடு துரத்தியதால் கூரையிலிருந்து விழுந்து இறந்த சிறுமி. ஆங்கிலேய எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ தன் அமெரிக்கப் பயணத்தின்போது ஊராரிடம் கேட்டு, 1838இல் வெளியான நூலில் எழுதியது இது. மார்ட்டினோ பெயர் சொல்லவில்லை. இன்றைய வழிகாட்டிகள் அவளை லியா என்கிறார்கள். கதைக்குப் பெயர் வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் இறந்தவர்களின் உண்மைப் பெயர்களும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. 1830க்கும் 1834க்கும் இடையில் லாலோரி வீட்டு அடிமைகள் பன்னிரண்டு பேரின் இறப்பு அடக்கப் பதிவேடுகளில் இருக்கிறது. போன் என்ற பெண், சமையலும் சலவையும் செய்தவர். அவருடைய நான்கு பிள்ளைகள்: ஜூலியட், ஃப்ளோரன்ஸ், ஜூல், லியோந்தீன். இறப்புக்குக் காரணம் எழுதப்படவில்லை. 1832இல் நகரைக் காலரா சூறையாடியது, நோயாகவும் இருக்கலாம். முன்பு போன் விற்கப்பட்டபோது, அடிக்கடி ஓடிப்போகிறவள் என்று பத்திரத்தில் குறித்திருந்தார்கள். வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டிய குறை அது. எனக்கு அவரைப் பற்றிக் கிடைத்த ஒரே நல்ல வரி அதுதான். தாயும் நான்கு பிள்ளைகளும் நான்கு ஆண்டுகளுக்குள் போய்விட்ட ஒரு குடும்பத்தின் பெயரை அந்த மாலையில் யாரும் உச்சரிக்கவில்லை.

நம் ஊர்களில் கொல்லப்பட்ட பெண்தான் பேயாகிறாள், பலசமயம் தெய்வமுமாகிறாள். கொன்றவர்களின் வம்சம் அவளுக்குப் படையல் வைக்கும். இங்கே தெருவையே ஆள்வது எஜமானியின் ஆவி.

சொல்லப்படாத இன்னொரு கதை இருக்கிறது. நான் அந்தத் தெருவுக்குப் போனதே அதற்காகத்தான். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபின், 1868இல் லூசியானா புதிய அரசியலமைப்பை இயற்றியது. நிறத்தின் பேரில் தனிப் பொதுப் பள்ளிகள் கூடாது என்று அதில் எழுதினார்கள். 1870களின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸின் பள்ளிகள் சிலவற்றில் கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தார்கள். அப்படிப்பட்ட பள்ளிகளில் ஒன்று பெண்கள் உயர்நிலைப் பள்ளி. அது நடந்த இடம் ராயல் தெரு 1140. சங்கிலியும் இரும்புப் பட்டையும் கண்டெடுத்த மனையில், நாற்பது ஆண்டுகள் கழித்து, முன்னாள் அடிமைகளின் பேத்திகளும் வெள்ளைப் பெண்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து பாடம் படித்தார்கள்.

1874 செப்டம்பரில் 'வெள்ளையர் கழகம்' என்ற ஆயுதப் படை, மாநில அரசைக் கவிழ்க்கத் தெருவில் இறங்கிச் சண்டையிட்டது. டிசம்பரில் அவர்கள் பள்ளிகளுக்கு வந்தார்கள். ராயல் தெருப் பள்ளிக்குள் நுழைந்த ஆண்கள், மாணவிகளை ஒவ்வொருவராக அழைத்து வம்சம் விசாரித்தார்கள். முகத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய அவர்களால் முடியவில்லை. நியூ ஆர்லியன்ஸில் வெள்ளை போலத் தெரிகிற எத்தனையோ பெண்களுக்குக் கறுப்பினப் பாட்டி இருந்தார். அந்தப் பாட்டிமார்களில் பலரை அப்படி ஆக்கியவர்கள் யார் என்பது அந்த ஆண்களுக்குத் தெரியாததல்ல. எஜமானர்கள் அடிமைப் பெண்களின் உடலில் எழுதிய வரலாற்றை, பதினைந்து வயதுப் பெண்களின் முகத்தில் தேடிப் படித்து, அதற்கான தண்டனையை அந்தப் பெண்களுக்கே கொடுத்தார்கள். சந்தேகப்பட்டவர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். அதே நாட்களில் நகரின் இன்னொரு பெண்கள் பள்ளியில் இதே வேலையில் இறங்கிய பையன்கள், சில யூத மாணவிகளைக் கறுப்பினத்தவர் என்று நினைத்துத் துரத்தியதாகவும் பதிவு உண்டு. 1877இல் கலப்புப் பள்ளிகள் நகரத்தில் முற்றிலும் முடிவுக்கு வந்தன.

ஜார்ஜ் வாஷிங்டன் கேபிள் என்ற உள்ளூர் எழுத்தாளர் 1889இல் இந்த வீட்டின் கதையை எழுதியபோது, 1834இன் தீயையும் 1874இன் வெளியேற்றத்தையும் சேர்த்தே எழுதினார். அவருக்கு இரண்டும் ஒரே வீட்டின் கதை. சுற்றுலாக்காரர்கள் அவரிடமிருந்து முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள். எங்கள் வழிகாட்டியிடம் பள்ளியைப் பற்றிக் கேட்டேன். ஆமாம், ஒரு காலத்தில் பள்ளிக்கூடமாக இருந்தது, அப்போதும் மாணவிகள் பேயைப் பார்த்ததாகச் சொல்வார்கள் என்றார். அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் நான் கிழக்கே, தொழிற்கால்வாயைத் தாண்டி, செயின்ட் கிளாட் நிழற்சாலையில் இருக்கும் மக்டோனா 19 பள்ளிக்குப் போனேன். 1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸின் வெள்ளையர் பள்ளிகளுக்குள் மறுபடி கறுப்பினப் பிள்ளைகள் நுழைந்தார்கள். நான்கு பேர், எல்லாரும் ஆறு வயதுச் சிறுமிகள். ரூபி பிரிட்ஜஸ் தனியாக வேறொரு பள்ளிக்குப் போனார். அவர் படம் உலகத்துக்குத் தெரியும். லியோனா டேட், கெயில் எட்டியென், டெஸ்ஸி ப்ரவோஸ்ட் மூவரும் இங்கே வந்தார்கள். ஃபெடரல் காவலர்கள் கூட வந்தார்கள். வாசலில் வெள்ளைப் பெண்கள், தாய்மார்கள், கூடி நின்று கத்தினார்கள். வெள்ளைப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட, அந்த ஆண்டு அவ்வளவு பெரிய கட்டடத்தில் இந்த மூவர் மட்டும் படித்தார்கள். வெளியிலிருந்து யாரும் பார்க்கக் கூடாதென்று ஜன்னல்களில் காகிதம் ஒட்டியிருந்தது. விளையாட்டு நேரத்தில் அவர்கள் மாடிப்படியின் அடியில் விளையாடினார்கள்.

கைவிடப்பட்டுக் கிடந்த அந்தப் பள்ளியை லியோனா டேட்டின் அறக்கட்டளை முன்னின்று மீட்டது. 2022இல் மூன்று பெண்களின் குடும்பப் பெயர்களையும் சேர்த்து அதற்குப் பெயரிட்டார்கள். மேல்தளங்களில் முதியவர்களுக்கான வீடுகள். கீழே, அந்த மூவரின் கதையைச் சொல்லும் கூடங்கள்.