வனத்து அந்தோணியார் (சுமார் 251–356)

எகிப்தின் பாலைவனத் துறவியான அந்தோணியாரை உலகை வெறுத்து ஓடியவராகக் காண்பது பிழை. பெற்றோர் இறந்தபின் நிலபுலன்களைத் துறந்தவர், தங்கையைக் கன்னியர் பொறுப்பில் விட்ட பிறகே தவ வாழ்வில் இறங்கினார். பாழடைந்த கோட்டைக்குள் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தனித்திருந்தாரே எனக் கேட்கலாம். ஆனால் அங்கிருந்து வெளிவந்ததும் சீடர்களுக்கு வழிகாட்டினார். 311 அளவில் கிறித்தவர்கள் வதைக்கப்பட்டபோது அலெக்சாந்திரியா சென்று சிறைப்பட்டோருக்குத் துணை நின்றார். இச்செய்திகளைத் தரும் அவர் வரலாற்றை எழுதிய ஆயர் அத்தனாசியார், கிறித்துவின் முழு இறைத்தன்மையை மறுத்த ஆரியக் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தவர். தம் தரப்புக்கு ஏற்ப அந்தோணியாரைத் தீட்டியிருக்கலாம் என்ற மறுப்பு வலுவானதே. ஆனால் அந்தோணியாருக்கு உரியதாகக் கருதப்படும் ஏழு மடல்கள் தனிச் சான்றாக உள்ளன. திருச்சபை அறிஞர் எரோனிமுசும் அவற்றைக் குறிப்பிடுகிறார். தன்னை அறிவதே இறைவனை அறியும் வழி என அவற்றில் பேசுபவர் அக்கறை மிகுந்த ஆசிரியர். 386-இல் திருச்சபைச் சிந்தனையாளர் அகுஸ்தினாரின் மனமாற்றத்துக்கும் அந்தோணியாரின் கதை தூண்டுதலாயிற்று.