தெனாரியஸும் திர்ஹமும்

திருக்குர்ஆன் ஆலு இம்ரான் அத்தியாயத்தில் நாம் ஓதும் ‘தீனார்’ என்னும் சொல், உரோமரின் ‘தெனாரியஸ்’ என்பதன் வழிவந்தது. அரபியரிடம் அது பொற்காசு, உரோமரிடமோ கி.மு. 211 அளவில் தோன்றிய வெள்ளிக் காசு.

முதற் காசுகளில் தலைக்கவசம் தரித்த உரோமா தேவியும் குதிரையேறிய இரட்டைத் தெய்வங்களும் இருந்தனர். உயிரோடிருப்பவரின் முகத்தை உரோம நகரக் காசில் பொறிக்கும் வழக்கமில்லை. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் அதனை மீறினார். பின்னர் தெய்வங்கள் பின்புறம் ஒதுங்க, முன்புறம் மன்னருக்கே உரியதாயிற்று. திபேரியஸ் (கி.பி. 14-37) தம் காசில் தம்மைத் ‘தெய்விக அகஸ்டஸின் மைந்தர்’ என்றே எழுதிக்கொண்டார். கோவை வட்டாரப் புதையல்களில் மிகுதியாகக் கிடைத்தவை இவ்விருவர் காசுகளே. அவ்வெழுத்தை இங்கே எவர் வாசித்திருப்பார்? வெள்ளியைத்தான் மதித்திருப்பர்.

முஸ்லிம்களும் தொடக்கத்தில் பல்லாண்டுகள் பாரசீக மன்னரின் உருவமும் நெருப்புப் பீடமும் கொண்ட வெள்ளிக் காசுகளையே, ஓரத்தில் ‘பிஸ்மில்லாஹ்’ சேர்த்து வழங்கினர். இதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஹிஜ்ரி 79இல் (கி.பி. 698-99) கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் உருவமற்ற திர்ஹத்தை வெளியிட்டார். ஒருபுறம் கலிமா, மறுபுறம், இறைவனுக்கு மைந்தரில்லை எனச் சாற்றும் ஸூரத்துல் இக்லாஸ். அச்சிட்ட ஊரும் ஆண்டும் அதில் உண்டு. கலீஃபாவின் பெயர் இல்லை.