‘காலி’ என்று எழுதிய 5 பெட்டிகள்

விமானச் சரக்குக்குத் தீப்பாதுகாப்பு, சரக்கை வாங்கி வைக்கும் இடத்திலேயே தொடங்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் ஒரு பழைய விபத்து.

1996 மே 11. மயாமியிலிருந்து அட்லாண்டா புறப்பட்ட வேல்யூஜெட் 592 விமானத்தில் 5 அட்டைப்பெட்டிகளை ஏற்றினார்கள். சீட்டில் ‘ஆக்சிஜன் குப்பிகள், காலி’ என்றிருந்தது. உள்ளே இருந்தவை காலாவதியான ஆக்சிஜன் உற்பத்திக் கருவிகள். அவை காலியாகவில்லை, பாதுகாப்பு மூடியும் இல்லை. இயங்கத் தொடங்கினால் கடுமையாகச் சூடேறும்.

காற்றில்லாமல் தீ தானே அணைந்துவிடும் என்று நம்பி அமைத்த சரக்கறை அது. அந்தக் காற்றைப் பெட்டிகளே கொடுத்துவிட்டன. விமானத்திலிருந்த 110 பேரும் மாண்டார்கள்.

பிறகு அத்தகைய சரக்கறைகளில் புகை உணரும் கருவியையும் தீயணைப்பு வசதியையும் அமெரிக்கா கட்டாயமாக்கியது. நல்லதுதான். ஆனாலும் பெட்டியை வாங்கும்போதே ‘நிஜமாகவே காலியா?’ என்று ஒருவர் திறந்து பார்ப்பதுதான் முதல் தீயணைப்பு என்பேன்.