300 விலையில் 450

கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ற எல்லாருக்கும் வர்ற கேள்வி ஒண்ணுதான்: கையில இருக்கிற காசை எந்தப் பார்ட்ல போடுறது? இதுக்கு 1998-ல் ஒரு விசித்திரமான பதில் கிடைத்தது. இன்னைக்கு அந்தக் கதை.

அந்த ஏப்ரலில் இன்டெல், செலரான் என்ற மலிவு ப்ராசஸரைக் கொண்டுவந்தது. உள்ளே இருந்தது பென்டியம் 2-தான்; ஆனால் செலவைக் குறைக்க எல்2 கேஷ் மெமரியை முழுசா எடுத்துட்டாங்க. அஞ்சறைப்பெட்டி இல்லாத சமையலறை மாதிரி, ஒவ்வொரு சிட்டிகைக்கும் கடைக்கு ஓடணும். விமர்சகர்கள் சும்மா விடவில்லை.

ஆகஸ்டில் செலரான் 300ஏ வந்தது. 128 கிலோபைட் கேஷ், சிப்புக்குள்ளேயே. பென்டியம் 2-ல் 512 கிலோபைட் உண்டு. ஆனா அது தனிச் சில்லுகளா பக்கத்துல உட்கார்ந்து, ப்ராசஸரின் பாதி வேகத்தில்தான் ஓடும். செலரானில் அளவு கால்வாசி, வேகம் முழுசு. மலிவுச் சரக்கில் இப்படி ஒரு நல்ல விஷயத்தை வைத்தது இன்டெல்லேதான்!

இப்போ கணக்கு. பஸ் வேகத்தை மல்டிப்ளையரால் பெருக்கினால் ப்ராசஸர் வேகம். 66-ஐ 4.5-ஆல் பெருக்கினால் சுமார் 300 மெகாஹெர்ட்ஸ். மல்டிப்ளையரை இன்டெல் பூட்டிவிட்டது. பஸ்ஸைப் பூட்டவில்லை. அதை 100-க்கு ஏற்றினால் 450! அதே ஆகஸ்டில் வந்த பென்டியம் 2-வின் உச்ச வேகமும் 450-தான். மொத்த விற்பனையில் அதன் விலை 669 டாலர். 300ஏ 149 டாலர்.

ஏன் சரியா 100? 75, 83 என்று நடுவில் நிறுத்தினால் பிசிஐ கார்டுகளும் ஹார்ட் டிஸ்க்கும் வரம்பு மீறி ஓடும், தகராறு பண்ணும். 440பிஎக்ஸ் சிப்செட்டோ 100-க்காகவே செய்யப்பட்டது. அதில் பிசிஐ மூன்றில் ஒரு பங்கு, அதாவது வழக்கமான 33-லேயே நிற்கும். ப்ராசஸரைத் தவிர எதுவும் வரம்பு தாண்டவில்லை. பிசி100 ராம் மட்டும் வேணும். அபிட் பிஎச்6 போர்டில் ஜம்பரைத் தொடாமல் பயாஸிலேயே பஸ்ஸையும் வோல்டேஜையும் மாற்றலாம். வேறு போர்டு வச்சிருந்தவங்க ப்ராசஸரின் பி21 பின் மேல டேப் ஒட்டினாங்க. நம்புங்க, வேலை செஞ்சது.

எல்லாச் சிப்பும் 450-ஐத் தொடவில்லை. தொடும் என்று சோதித்துப் பார்த்ததைக் கூடுதல் விலைக்கு விற்ற வியாபாரிகளும் இருந்தாங்க. ஆனா சிப் ஒத்துழைத்தவருக்கு மிச்சம் 500 டாலர். வூடூ2 கிராபிக்ஸ் கார்டு வாங்க அது தாராளம். 'குவேக் 2' ஆடுறவருக்கு வேற என்ன வேணும்?

2011-ல் சாண்டி பிரிட்ஜ் வந்தபோது இந்த வழி அடைபட்டது. அதில் பஸ்ஸை ஏற்றினால் மற்றதெல்லாம் சேர்ந்தே ஏறியது. மல்டிப்ளையர் முழுசா திறந்திருக்கிற சிப் வேணும்னா, 'கே' என்று முடியும் மாடலைக் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 2014-ல் மட்டும் பென்டியம் ஜி3258 என்ற மலிவுச் சிப்பைப் பூட்டில்லாமல் விட்டாங்க. பலர் 4 கிகாஹெர்ட்ஸைத் தாண்டி ஓட்டினாங்க. அதே நவம்பரில் 'ஃபார் க்ரை 4' வந்தது. இரண்டே கோர் இருந்த அந்தச் சிப்பில், வெறும் கருப்புத் திரைதான் வந்தது.