ரெசிலியன்ஸ்

துன்பத்தில் ஆழ்ந்தவர் மறுபடியும் தலையெடுக்கும் ஆற்றலைக் குறிக்கப் பத்திரிகைகளும் சர்க்கார் அறிக்கைகளும் இந்நாளில் ஓயாமல் எடுத்தாளும் ‘ரெசிலியன்ஸ்’ என்ற ஆங்கிலப் பதத்தின் தாது, குதித்தல் என்று பொருள்படும் ‘சலீரே’ என்னும் லத்தீன் வினையாகும். திரும்ப என்ற அர்த்தமுள்ள ‘ரெ’ முன்னே சேர, பின்னோக்கித் துள்ளுதல் என்றாயிற்று. ‘ரிசல்ட்’, ‘இன்சல்ட்’ முதலியவையும் இதன் சகோதரச் சொற்களே.

17-ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் பேக்கன் எதிரொலி மீள்வதற்கு இதை வழங்கினார். 1818-இல் தாமஸ் டிரெட்கோல்டு என்ற பொறியியலாளர், மரச்சட்டம் அதிர்ச்சியைத் தாங்கும் குணத்துக்கு ஏற்றினார். 1973-இல் ஹாலிங் என்ற சூழலியல் அறிஞர், குலைவுகளை ஏற்றும் அழியாது தொடரும் இயற்கை அமைப்பின் சக்திக்கு இதையே பெயராக்கினார்.

தமிழில் ‘மீள்திறன்’ என்கிறோம். மீள்வதென்றால் பழைய நிலைக்கே போவதா? 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்ட, படப்பைப் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் அடையாற்றில் சேர்ந்து முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. வெள்ளம் வடிந்ததும் ஜனங்கள் வீட்டுச் சேற்றை வாரிக் கொட்டினர், ஊறிய பாடப்புத்தகங்களை மொட்டைமாடியில் உலர்த்தினர். பிற்பாடு ஆறும் அகலப்படுத்தப்பட்டது. பழைய குறுகிய ஆற்றுக்கே திரும்புவது அடுத்த வெள்ளத்துக்கு வழிவிடுவதே ஆதலால், ஹாலிங் தந்த பொருளே, லத்தீன் தாதுவின் பொருளைவிட, இவ்வூர்களுக்குப் பொருந்துவதாகும்.