சீனரின் வர்ண அச்சுக் கலை

அச்சுக் கலை என்றவுடன் ஐரோப்பியரையே நினைப்பது நம்மவரிற் பலர்க்கு வழக்கமாயிற்று. ஆயின், துன்ஹுவாங் குகையிற் கண்டெடுத்த வஜ்ர சூத்திரம் கி.பி. 868-இலேயே மரப்பலகை கொண்டு அச்சிடப்பெற்றதாகும். ஜெர்மனியிற் கூட்டன்பர்க் பைபிளை அச்சிட்டது ஏறக்குறைய 600 ஆண்டுகளுக்குப் பின்னரே. அச்சூத்திரத்தின் முகப்புச் சித்திரம் கருமை ஒன்றினாலாயது. அக்கருமையினின்று பல வர்ணங்களுக்குச் சீனர் சென்ற வழியை ஈண்டு நோக்குவோம்.

ஒரே பலகையிற் பல வர்ணங்களைத் தடவி அச்சிடும் முறை முன்னர் இருந்தது. அதில் வர்ணங்கள் ஒன்றோடொன்று கலத்தல் எளிது. ஆதலின், ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனிப் பலகை செதுக்கலாயினர். மூல ஓவியத்தை மெல்லிய தாளிற் படியெடுத்து, வர்ணவாரியாகப் பிரித்து, பலகைகளில் ஒட்டிச் செதுக்குவர். பின்னர்த் தூரிகையால் வர்ணம் பூசி, தாளைப் படியவைத்து, நாராலாகிய தேய்ப்பானால் முதுகுப்புறம் தேய்ப்பர். தாள் மயிரிழை விலகினும் பூ ஓரிடமும் நிறம் ஓரிடமுமாகும். சில வேளைகளில் ஒரு மலருக்கே பல பலகைகள் வேண்டும்.

இக்கலையை உச்சத்திற்கு உயர்த்தியவர் நான்கிங் நகரிலிருந்த ஹூ ஜெங்யான் என்பார். இல்லத்திற் பத்து மூங்கில் வளர்த்தமையால் அவர்தம் கூடம் ‘பத்து மூங்கிற் கூடம்’ எனப் பெயர் பெற்றது. அங்கு வெளியான சித்திர நூல் 1633-இல் நிறைவுற்றது. 1644-இல் அவர் வெளியிட்ட கடிதத்தாள் தொகுதியில், வர்ணமே இன்றிப் பலகையை அழுத்தி உருவங்கள் தாளிற் புடைத்தெழச் செய்தார். மிங் அரசு தலைநகராகிய பீகிங்கை இழந்ததும் அவ்வாண்டிலேயாம்.

கற்றோர் வேறு, கைத்தொழிலாளர் வேறு என்றிருந்த காலம் அது. கற்றவராகிய ஹூவோ, தம்மிடமிருந்த பத்துக்கு மேற்பட்ட செதுக்குநரைக் கூலியாட்களாகக் கருதாது, காலையும் மாலையும் அவர்களோடு கலந்து ஆராய்ந்தார் என அக்காலத்தார் ஒருவர் எழுதிவைத்தார். அந்நூல்களின் சிறப்புக்குக் காரணம் வேறு தேடவேண்டுவதில்லை.

காலம் மாறிற்று. இயந்திர அச்சு வந்தது, கைப்பலகை அருகியது. எழுத்தாளர் லூ சுன்னும் செங் செந்தோவும் பீகிங் கடைகளில் விற்ற வர்ணக் கடிதத்தாள்களைத் திரட்டி, 1933-இல் 100 படிகள் அச்சிடுவித்தனர். ஓவியர் பெயரோடு நில்லாது, செதுக்கியோர் பெயர்களையும் தேடிப் பதிந்தனர். ஹூவின் 1644-ஆம் ஆண்டுத் தொகுதியையும் மீளச் செதுக்குவித்தனர். அப்பணி முற்றுப்பெற்றது 1941-இல். லூ சுன் 1936-இலேயே மறைந்துவிட்டார்.

நேயர்களே! ஓவியன் தீட்டியது ஒரு படம். அதனைப் பலர் கைக்கும் எட்டச் செய்தவன் உளி பிடித்தவன். அவன் பெயரையும் ஏட்டில் எழுதுதல் கருணையன்று, கடமையே என்பதைச் சீனத்து அறிஞர் இருவர் செய்து காட்டினர். அந்நீதி அச்சுக் கூடத்துக்கு மட்டும் உரியதன்று என்பது நம் துணிபு.